திருகோணமலையிலிருந்து தமிழ்த் தேசியக் கட்சிகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை
18.12.2024

இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி ஆகியவற்றின் தலைவர்களுக்கும் மத்திய குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தமிழரசுக் கட்சி 1949ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி கொழும்பு மருதானையில் தொடங்கப்பட்டது. அதற்கு இன்றோடு 75 ஆண்டுகள் நிறைகின்றன. பவள விழா வாழ்த்து எழுத வேண்டிய நாளில் தேர்தல் தோல்வியைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. ஆயினும் இந்த மடலை அந்த ஒரு கட்சிக்கு மட்டும் எழுதவில்லை. முறையே வீடு, சங்கு, சைக்கிள் என்று மூன்று சின்னங்களோடு மக்களிடம் வாக்குக் கேட்டு வந்த நீங்கள் எல்லோரும், நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்குப் பின்னர் ஏறத்தாழ ஒரே விதமாகப் பேசி வருவதால், எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் உப்புவெளிப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிறந்தது 1956இல். அந்த ஆண்டு ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இங்கே கூடியபோது, பல ஊர்களிலிருந்தும் கால்நடையாகவே வந்து சேர்ந்த யாத்திரைக்காரருக்கு மோர் வார்த்துக் கொடுத்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1977இல் என் முதல் வாக்கை, தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்ற சம்பந்தன் ஐயாவுக்குப் போட்டேன். இம்முறையும் வீட்டுக்கே போட்டேன். எதிர்முகாம் ஆள் ஒருவர் எழுதியது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவையும் சொல்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 225 ஆசனங்களில் 159 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவர்களின் திசைகாட்டிச் சின்னமே முதலிடம் பெற்றது. 2004இல் 22 ஆசனங்களோடு நாடாளுமன்றம் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2015இல் 16ஆகி, 2020இல் 10ஆகி, இன்று கூட்டமைப்பு என்ற பெயரே இல்லாத நிலையில் வீட்டுச் சின்னத்துக்கு எட்டும், சங்குக்கு ஒன்றும், சைக்கிளுக்கு ஒன்றுமாக நிற்கிறது. அந்த எட்டுப் பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி உங்களில் ஒருவரும் வருத்தம் தெரிவித்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

தோல்விக்கு நீங்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது வாக்குச் சிதறல். அதில் உண்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனங்களுக்கு 396 பேர் நின்றார்கள். 80 ஆயிரம் வாக்குகளை எடுத்த தேசிய மக்கள் சக்தி, முதலிடத்துக்குரிய போனஸ் ஆசனத்தையும் சேர்த்து மூன்றைப் பெற்றது. 63 ஆயிரம் எடுத்த வீட்டுக்கு ஒன்று, 27 ஆயிரம் எடுத்த சைக்கிளுக்கு ஒன்று, 22 ஆயிரம் எடுத்த சங்குக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் மூவரின் வாக்குகளையும் கூட்டினால் 1 இலட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரே பட்டியலில் நின்றிருந்தால் முதலிடமும் போனஸும் யாருடையவை என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தக் கணக்கோடு நின்றுவிடாமல், ஒருமுறை திருகோணமலையையும் பாருங்கள். இங்கே நீங்கள் சேர்ந்து நின்றீர்கள். நீங்களாக விரும்பிச் சேரவில்லை. மதத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் சிவில் அமைப்புகளும் விடாமல் வற்புறுத்தியதால், தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் எங்கள் மாவட்டத்தில் வீட்டுச் சின்னத்தில் ஒரே பட்டியலைப் போட்டன. 2012 குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 30 பேரளவில் தமிழர் இருக்கும் மாவட்டத்தில், பிரிந்து நின்றால் ஒரு பிரதிநிதியும் மிஞ்சமாட்டார் என்ற பயந்தான் அந்த ஒற்றுமையைக் கொண்டுவந்தது. ஆசனம் தப்பியது, உண்மைதான். ஆனால் ஒன்றுபட்ட அந்தப் பட்டியலுக்குக் கிடைத்த வாக்குகள் 34 ஆயிரம். 2020இல் 39 ஆயிரம், 2015இல் 45 ஆயிரம், 2004இல் 68 ஆயிரம். 2004இன் சூழல் வேறு என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கடந்த மூன்று தேர்தல்களிலும் வாக்கு படிப்படியாக இறங்கியே வந்திருக்கிறது. இம்முறை கிடைத்த ஆசனமும் எச்ச வாக்குக் கணக்கில் வந்ததுதான். ஒரு முழு ஆசனத்துக்குரிய வாக்கு எங்களிடம் இல்லை. சிதறாத இடத்திலும் வாக்குக் குறைந்ததென்றால், அதற்குச் சிதறலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. உங்கள் மீளாய்வுக் கூட்டங்கள் யாழ்ப்பாணத்தின் முடிவையே திரும்பத் திரும்பப் பேசுவதற்குக் காரணம், திருகோணமலையின் முடிவில் பழிபோட வசதியாக வேறொரு கட்சி இல்லை என்பதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நீங்கள் சொல்லும் இரண்டாவது காரணம், மக்கள் ஏமாந்துவிட்டார்கள், தென்னிலங்கை அலையில் இழுபட்டுவிட்டார்கள், இளைஞருக்கு வரலாறு தெரியாது என்பது. இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் இதே ஊர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். போரின் கடைசி நாட்களை நினைவுகூர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகச் சம்பூரில் பெண்கள் கைதானது இந்த ஆண்டு மே மாதத்தில். எங்களுக்கு வரலாற்றுப் பாடம் எடுக்க வருபவர்கள் கொஞ்சம் யோசித்து வர வேண்டும்.

தேர்தல் நாளன்று நான் படிப்பித்த பள்ளிக்கூடந்தான் எங்களுக்கு வாக்குச் சாவடி. வாக்களித்துவிட்டு வாசலடி வாகை மரத்தின் கீழ் நின்றபோது, எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர், விரலில் மை காயாமலே வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். இப்போது உயிரோடு இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "சேர், இந்தமுறை சின்னவன் சொன்ன பக்கம் போட்டுட்டன். எத்தின வருசமா வீட்டுக்கே போட்டம், வீட்டுக்காரர் ஒருநாளும் எங்கட வாசலுக்கு வரேல்லயே." குற்றம் செய்துவிட்டவர்போல அதை மெதுவாகத்தான் சொன்னார். கொள்கையை விட்டவரின் பேச்சாக எனக்கு அது படவில்லை. தன் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது வராமல் இருந்துவிட்ட நெருங்கிய உறவினரைப் பற்றி மனிதர் பேசும் குரல் அது.

வாசலுக்கு வருவது என்றால் என்னவென்று இன்னொன்றையும் சொல்கிறேன். என் தங்கையின் குடும்பத்துக்கு குச்சவெளிப் பக்கம் கொஞ்ச வயல் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரி தொடங்கும் காலத்தில், உழவுக்குப் போனவர்கள் வரம்பருகே புதிதாக எல்லைக்கல் நட்டிருப்பதைக் கண்டார்கள். முழங்கால் உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, மேலே சிவப்பில் இலக்கமிட்ட கல். எந்தத் திணைக்களம் நட்டது என்பதை அறிவதற்கே இரண்டு கிழமைகள் அலைய வேண்டியிருந்தது. உறுதியின் பிரதி, வரிப் பற்றுச்சீட்டுகள், கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு நானும் மைத்துனரும் ஒரு கட்சியின் அலுவலகத்துக்குப் போனோம். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. மற்றக் கட்சிக்குப் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதல் நாள் கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் நாள் திறந்திருந்தது, ஆனால் பொறுப்பானவர் கொழும்பில் என்றார்கள். மூன்றாம் நாள் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் பத்திரிகையில் காணிப் பிரச்சினை பற்றி ஓர் அறிக்கை வந்தது, அதில் மாவட்டத்தின் பெயர் இருந்தது, நாங்கள் சந்தோசப்பட்டோம். கோப்பு எங்கே என்று இன்றுவரை தெரியாது.

இந்தத் தேர்தலுக்கு முன்னர் ஒரு பின்னேரம், தேசிய மக்கள் சக்தியின் இளைஞர் மூவர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் அதே வயலடிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்லின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார், கைத்தொலைபேசியில் படமும் எடுத்தார், தங்கை கொடுத்த தேநீரைத் திண்ணையில் இருந்து குடித்துவிட்டுப் போனார்கள். பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. அவர்களின் அரசாங்கம் அதைப் பிடுங்கும் என்று நான் நம்பவும் இல்லை. ஆனால் என் தங்கையின் மகளுக்கு அந்தத் தேநீர் குடித்த காட்சி மனதில் நிற்கிறது. அவளுக்கு வயது 23. அவளுடைய வாக்கு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அறிக்கைகள் வீண் என்று சொல்லவில்லை. ஜெனீவாவில் பேசுவதும் தூதுவர்களைச் சந்திப்பதும் தேவைதான். எண்ணெய்த் தாங்கிகளும் சம்பூரின் மின் திட்டங்களும் இந்தத் துறைமுகமும் இருக்கும்வரை வெளிநாட்டார் இங்கே வராமல் இருக்கப்போவதில்லை, அவர்களோடு பேச ஆட்களும் வேண்டும். அந்த வேலையில் சம்பந்தன் ஐயாவுக்கு இருந்த நிதானம் இன்று யாருக்கும் இல்லை. கடந்த ஜூலையில் அவருடைய பூதவுடலுக்கு அஞ்சலி செலுத்த வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர்களில் பெரும்பாலானோர் நரைத்த தலைகள்தான் என்பதைக் கவனித்தேன். அன்று அது பெரிதாகப் படவில்லை. நவம்பர் 15 காலையில்தான் விளங்கியது.

அடுத்து, தமிழரசுக் கட்சிக்குள் நடக்கும் வழக்கைப் பற்றி. இந்த ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி, எங்கள் நகரில் கூடிய தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை, இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தலைவரைத் தெரிவுசெய்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. தேநீர்க் கடைகளில் அன்று அதைப் பற்றித்தான் பேச்சு. உட்கட்சி ஜனநாயகம் என்பதை மேடையில் மட்டும் கேட்டிருந்த எங்களுக்கு, எண்ணிக்கையோடு ஒரு முடிவு வந்தது பெருமையாகவே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவேண்டிய மாநாடு நடக்கவில்லை. பெப்ரவரியில் விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவும் வந்தது. தெரிவான தலைவர் பதவியேற்காமலே, ஒரு ஜனாதிபதித் தேர்தலையும் ஒரு பொதுத் தேர்தலையும் கட்சி கடந்துவிட்டது. 1956இல் கால்நடையாக வந்த ஊருக்கு, 2024இல் வழக்குத் தவணைக்கு வந்து போகிறார்கள். உதயசூரியன் சின்னம் உட்கட்சிப் பிணக்காலும் வழக்காலும் கைவிட்டுப் போனதால்தானே 2004இல் வீட்டை எடுத்தீர்கள்? இந்த வீடும் அதே வழியில் போனால், எங்களிடம் வந்து எதைக் காட்டி வாக்குக் கேட்பீர்கள்?

ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செப்டெம்பர் 21க்கு முன்னர் தமிழரசுக் கட்சியின் முடிவு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பது. அக்கட்சியின் தெரிவான தலைவரே தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்காகப் பரப்புரை செய்தார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. ஒரே வாக்காளருக்கு மூன்று கட்டளைகள். அவற்றுள் எதைச் செய்தாலும் ஒருவருக்குத் துரோகியாகலாம் என்ற நிலையில் நிறுத்தப்பட்டவர், அடுத்த தேர்தலில் உங்கள் யாரிடமும் ஆலோசனை கேட்காமல் தன் பாட்டில் முடிவெடுத்துவிட்டார் என்றால், அதற்கு ஆச்சரியப்படவும் கூடாது, அவர் ஏமாந்துவிட்டார் என்றும் சொல்லக் கூடாது.

தோல்வி உங்களுக்குப் புதிதல்ல. 1952 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்றது இரண்டே ஆசனங்கள்: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவே காங்கேசன்துறையில் தோற்றார். நான்கு ஆண்டுகளில் அதே கட்சி பத்து ஆசனங்களோடு வந்தது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களக் கொள்கையின் மீதான கொதிப்பு அதற்கு உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கொதிப்பு தானாக வாக்காக மாறாது, அதைப் போய்ச் சேர்த்தெடுக்கக் கிராமத்துக்குக் கிராமம் ஆட்கள் இருந்தார்கள். இன்று அந்த ஆட்கள் எங்கே? எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தொகுதிகள். மூதூரிலும் சேருவிலவிலும் உங்கள் வட்டாரக் கிளைகளில் எத்தனை கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையேனும் கூடியிருக்கின்றன? கிளிவெட்டியிலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் உங்கள் கட்சிக்கொடி தேர்தல் மாதத்தில் மட்டும் ஏறி இறங்குகிறது. தேர்தல் முடிந்தபின் அங்கே போய் ஏன் தோற்றோம் என்று கேட்டவர் உங்களில் யார்? தேசியப் பட்டியல் ஆசனம் யாருக்கு என்பதைப் பேச நாட்கணக்கில் நேரம் இருந்ததே.

அடுத்து வருவது உள்ளூராட்சித் தேர்தல். அதன்பின் எப்போதாவது, 2017 செப்டெம்பரில் காலம் முடிந்துபோன கிழக்கு மாகாண சபைக்கும் ஒரு தேர்தல் வரக்கூடும். ஆளும் கட்சியிடம் மூன்றில் இரண்டுக்கு மேல் ஆசனங்கள் இருப்பதால், புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சும் வரும். எங்கள் மாவட்டத்திலிருந்து ஆளும் கட்சியில் தெரிவான தமிழர் ஒருவர் இப்போது பிரதி அமைச்சர். இனி ஒரு வீதிக்கோ பாடசாலைக்கோ மக்கள் அவரிடம் போவார்கள், போகவும் வேண்டும். அதைத் துரோகம் என்று சொல்லத் தொடங்கினால் மிச்சமிருக்கும் 34 ஆயிரமும் கரையும். முஸ்லிம் மக்களோடும் பேசாமல் இந்த மாகாணத்தில் எதையும் செய்ய முடியாது என்பதை, 2015இல் இங்கே மாகாண ஆட்சியில் அவர்களோடு சேர்ந்திருந்தவர்கள் என்ற வகையில் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கோருமுன் வழக்கை உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் இறங்கி வராமல் அது முடியாது. அந்தத் தேர்தலின் வேட்பாளர்களை, சட்டப்படி வைக்கவேண்டிய 25 வீதப் பெண்கள் உட்பட, அந்தந்த வட்டாரத்து மக்களே சொல்லட்டும். பட்டியலை நிரப்புவதற்காகக் கடைசி இரவில் யாரோ ஒருவருடைய மனைவியின் அடையாள அட்டையைத் தேடி ஓடாதீர்கள். மாவட்டத்துக்கு ஓர் அலுவலகமாவது, கிழமைக்கு ஐந்து நாட்களும், கோப்பை வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் ஒருவரோடு திறந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்களுக்கு வாக்களிக்காமல் விட்டவர்களிடம் நேரில் வாருங்கள்.

வரும் ஜனவரி 2ஆந் திகதி மாலை, வழமைபோல் காந்தி சிலையடியில் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் விளக்கேற்றுவோம். உங்களில் சிலர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். வழமைபோல் விளக்கேற்றிப் படம் எடுத்ததும் வாகனத்தில் ஏறிவிடாமல், அன்றிரவு இங்கேயே தங்குங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையில் கிண்ணியா வழியாக மூதூர் போய்ச் சம்பூருக்குப் போவோம், பின்னேரம் திரும்பிக் குச்சவெளிப் பக்கம் வந்து அந்தக் கல்லையும் ஒருமுறை பாருங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் மாலையும் வேண்டாம். இரண்டு இடங்களிலும் இருப்பதற்குக் கதிரைகளைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு நான் ஒழுங்குசெய்கிறேன். மழைக்காலமாதலால் குடையை மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்கு வாக்களித்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்
உப்புவெளி